கெர்னல் எப்படிச் சூடு பார்க்கிறது?

லினக்ஸ் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘சென்சார்ஸ்’ என்று அடித்தால் சின்னதாக ஒரு பட்டியல் வரும். பிராசஸரின் ஒவ்வொரு கோரும் எத்தனை டிகிரி, எஸ்எஸ்டி எத்தனை டிகிரி, ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரிசையாக இருக்கும். உங்களிடம் இருப்பது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். 37.9, 38.9, 39.9 என்று மாறும். 38.2 வராது, 39.4 வராது. எப்போதும் .9-லேயே முடியும்.

இதை முதலில் கவனித்தபோது சென்சார் பழுது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. என்விஎம்இ தரநிலைப்படி டிரைவ் தன் சூட்டைக் கெல்வினில், அதுவும் முழு எண்ணாகச் சொல்கிறது. டிரைவ் 312 என்கிறது. இயக்குதளத்தின் உள்மையமான கெர்னல் அதிலிருந்து 273.15-ஐக் கழிக்கிறது, 38.85 வருகிறது. திரையில் காட்டும் புரோகிராம் அதை 38.9 ஆக்கிவிடுகிறது. டிரைவ் 313 என்றால் 39.85. அந்தப் பின்னத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, கழித்ததில் ஒட்டிக்கொண்ட மிச்சம் அது.

சென்சார் நமக்குத் தருவது வெறும் எண். எந்த அலகில், எங்கிருந்து எண்ணியது, எத்தனை பிட், எந்த பைட் முன்னால் வருகிறது, இப்போது எடுத்ததா முன்பு எப்போதோ எடுத்ததா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அது வெப்பநிலை ஆகும். ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் உரிமை கெர்னலுக்கு மட்டும்தான் உண்டு என்பதால், இந்த மொழிபெயர்ப்பு வேலையும் அதன் தலையில் விழுகிறது. இதைச் செய்யும் கெர்னல் துண்டுக்கு டிரைவர் என்று பெயர். என்னைக் கேட்டால், சென்சார் டிரைவரின் வேலையில் பாதி எண்ணைப் படிப்பது. மீதிப் பாதி, எந்த நேரத்தில் அந்த எண்ணை நம்பக்கூடாது என்று தெரிந்து ‘தெரியவில்லை’ என்று சொல்வது. தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

சூடு எண்ணாகும் இடம்

சூட்டை நேரடியாக எண்ணித் தரும் பொருள் எதுவும் கணினிக்குள் இல்லை. சூட்டுக்கு ஏற்ப மாறும் வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். சிலிக்கான் டையோடு இதற்கு ரொம்ப வசதி. மாறாத மின்னோட்டம் ஒன்று அதன் வழியே போய்க்கொண்டிருந்தால், சூடு ஒரு டிகிரி ஏறும்போது டையோடின் வோல்டேஜ் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். பிராசஸரே சிலிக்கானில் செய்தது என்பதால், டையோடை அதன் உள்ளேயே, சூடேறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

இன்னொரு வழி தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் சின்ன உறுப்பு இது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வகை பரவலாகப் புழங்குகிறது. விலை குறைவு, ஆனால் சூடும் தடையும் நேர்கோட்டில் போகாது. அதனால் ‘இத்தனை ஓம் என்றால் இத்தனை டிகிரி’ என்று டிரைவருக்குள்ளேயே ஓர் அட்டவணை வைத்திருப்பார்கள். அளவு இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால் விகிதம் போட்டு இடைவெளியை நிரப்புவார்கள்.

எதுவானாலும் கடைசியில் ஒரு சுற்று அந்த வோல்டேஜை எண்ணாக்கி, சிப்பின் ரெஜிஸ்டர் ஒன்றில் எழுதி வைக்கிறது. ரெஜிஸ்டர் என்பது சில பிட்டுகள் கொள்ளும் சின்னப் பெட்டி. கெர்னலின் வேலை அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு சிப், கொஞ்சம் கிட்டப் போய்

எல்எம்75 என்று ஒரு பழைய, எளிய சென்சார் சிப் இருக்கிறது. டிரைவர் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஐ2சி என்ற இரண்டு கம்பி பஸ்ஸில், அதாவது சிப்புகள் பேசிக்கொள்ளும் பொதுப் பாதையில், இது தொங்கும். முகவரிக்கு மூன்று பின்கள் இருப்பதால் ஒரே பஸ்ஸில் எட்டு சிப் வரை மாட்டலாம். அளக்கும் எல்லை மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை. அரை டிகிரிப் படிகளில் அளக்கும், ஒன்பது பிட்.

வெப்பநிலை ரெஜிஸ்டரைப் படித்தால் இரண்டு பைட் வரும். சிப் 25.5 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருவது 00011001, அப்புறம் 10000000. இரண்டையும் ஒட்டினால் பதினாறு பிட். அதில் மேலே உள்ள ஒன்பது மட்டும்தான் நமக்கு வேண்டும்: 000110011. இது 51. ஒவ்வொன்றும் அரை டிகிரி என்பதால் 25.5. அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றும்.

இனிமேல்தான் வேடிக்கை. குளிர்பதன அறையில் அதே சிப் மைனஸ் அரை டிகிரிக்குப் போகிறது. இப்போது மேலுள்ள ஒன்பது பிட்டும் 1, அதாவது 111111111. எதிர்மறை எண்களைக் கணினி எழுதும் முறையில் இது மைனஸ் 1. அரையால் பெருக்கினால் மைனஸ் 0.5. டிரைவர் எழுதியவர் குறியை மறந்து இதை வெறும் எண்ணாகப் படித்தால் 511 வரும், அதாவது 255.5 டிகிரி. பனி உறையும் இடத்தில் கெர்னல் ‘தீப்பிடிக்கிறது’ என்று அலறும். அறைச் சூட்டில் வைத்துச் சோதித்தவரைக்கும் இந்தப் பிழை தலைகாட்டியிருக்காது.

அடுத்தது பைட் வரிசை. எல்எம்75 பெரிய பைட்டை முதலில் அனுப்பும். ஐ2சி-யின் மேல் பலர் பயன்படுத்தும் எஸ்எம்பஸ் வழக்கத்திலோ இரண்டு பைட் சேர்ந்த சொல்லில் சிறியது முதலில் வர வேண்டும். திருப்பிப் போடாமல் அப்படியே படித்தால் என்ன ஆகும்? 25.5 என்பது 10000000 00011001 ஆகிவிடும். மேல் ஒன்பது பிட் 100000000, அதாவது மைனஸ் 256. பாதியாக்கினால் மைனஸ் 128 டிகிரி. சூடு அரை டிகிரி ஏறி 26 ஆனதும், திருப்பிப்போட்ட பிட்டுகள் 00000000 00011010; மேல் ஒன்பதும் பூஜ்யம். ஆக, சென்சார் ‘மைனஸ் 128, பூஜ்யம், மைனஸ் 128, பூஜ்யம்’ என்று துள்ளிக்கொண்டே இருக்கும். இப்படி இரண்டே மதிப்புகளுக்கு நடுவே குதிக்கும் சென்சாரைப் பார்த்தால் சிப்பைக் கழற்றாதீர்கள், முதலில் பைட் வரிசையைப் பாருங்கள். லினக்ஸில் இதற்கென்றே பைட்டைத் திருப்பிப் படித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்று தயாராக இருக்கிறது. எத்தனை பேர் இந்தக் குழியில் விழுந்திருந்தால் அதை எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆயிரத்தால் பெருக்கு

25.5 என்று கெர்னலுக்குள் எழுத முடியாது. எழுதக்கூடாது என்பதுதான் சரி. புள்ளி வைத்த எண்களுக்கென்று பிராசஸரில் தனி ரெஜிஸ்டர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் பாதிக் கணக்கு அவற்றில் கிடக்கும். கெர்னல் நடுவில் புகும்போதெல்லாம் அவற்றை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் கெர்னல் அவற்றைத் தொடுவதே இல்லை என்று வழக்கம். தொட்டே ஆக வேண்டிய இடங்களில் அதற்கென்று சடங்குகள் இருக்கின்றன, சூடு பார்க்க யாரும் அந்தச் சடங்கைச் செய்வதில்லை.

எளிய மாற்று: அலகைச் சின்னதாக்கிவிடுவது. லினக்ஸில் வெப்பநிலை மில்லிடிகிரி செல்சியஸில் போகும். 25.5 என்பது 25500. டிரைவரில் 51-ஐ 500-ஆல் பெருக்கினால் போதும், புள்ளி எங்கும் வராது. ஃபைலைத் திறந்து பார்த்து ‘என் கணினி ஐம்பத்து நாலாயிரம் டிகிரியா!’ என்று பதறுபவர்கள் உண்டு. கடைசி மூன்று இலக்கத்துக்கு முன் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இயக்குதளமும் ஒவ்வொரு அலகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி மைக்ரோகெல்வினில் கணக்கு வைக்கிறது. அங்கே 25.5 டிகிரி என்பது 298650000. மதர்போர்டோடு வரும் அடிப்படைப் புரோகிராமான ஃபர்ம்வேர் பேசும் ஏசிபிஐ மொழியில் கெல்வினின் பத்தில் ஒரு பங்கு. அது 3000 என்றால் 26.85 டிகிரி செல்சியஸ். கெல்வினில் ஒரு நன்மை இருக்கிறது. எதிர்மறை எண்ணே வராது என்பதால் மேலே சொன்ன குறிப் பிழைக்கு இடமில்லை. ஆனால் ஓர் இடத்தில் 273.15, இன்னோர் இடத்தில் 273.2 என்று கழித்தால் ஒரே சென்சார் இரண்டு புரோகிராம்களில் இரண்டு விதமாகத் தெரியும். மில்லியா கெல்வினா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. எதை எடுத்தாலும் கெர்னல் முழுக்க ஒன்றே இருந்தால் சரி.

பிராசஸர் சொல்வது சூடு அல்ல

இன்டெல் பிராசஸரின் உள்ளே இருக்கும் சென்சார் ‘நான் 55 டிகிரி’ என்று ஒருபோதும் சொல்லாது. ‘என் எல்லைக்கு இன்னும் 45 டிகிரி பாக்கி’ என்றுதான் சொல்லும். அந்த எல்லைக்கு டிஜேமேக்ஸ் என்று பெயர். பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் சூடு அது. டிஜேமேக்ஸ் 100 என்றால் 100-இல் 45 போக 55. இந்தக் கழித்தலை கோர்டெம்ப் என்ற டிரைவர் செய்கிறது.

டிஜேமேக்ஸ் எவ்வளவு என்பது புதிய பிராசஸர்களில் ஒரு ரெஜிஸ்டரிலேயே எழுதியிருக்கும். கோர் 2 காலத்துப் பழைய சிப்புகளில் அது இல்லை. அதனால் டிரைவருக்குள் ‘இந்த மாடல் என்றால் 85, அந்த மாடல் என்றால் 100’ என்று ஊகத்தை எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் திரையில் வரும் சூடு பதினைந்து டிகிரி தள்ளிப்போகும். எல்லைக்கு எவ்வளவு பாக்கி என்ற மூல எண் மட்டும் அப்போதும் சரியாகவே இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள அதைத்தான் பார்க்கிறது, நம் திரையில் தெரிவதை அல்ல.

ஏஎம்டி பக்கம் வேறு கதை. ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் உண்மையான சூட்டோடு 20 டிகிரி கூட்டிச் சொன்னன. ஃபேன் சுழற்சியை எல்லா மாடல்களுக்கும் ஒரே கணக்கில் வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இது தெரியாமல் வாங்கியவர்கள் சும்மா இருக்கும்போதே இவ்வளவு சூடா என்று ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டினார்கள். பின்பு கே10டெம்ப் டிரைவரில் எந்த மாடலுக்கு எத்தனை கழிக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல் சேர்ந்தது. இன்றும் அந்த டிரைவர் காட்டும் டிசிடிஎல் என்பது ஃபேனுக்கான எண், டிடை என்பது சிலிக்கானின் சூடு. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் பிராசஸர்களும் உண்டு.

இன்னொரு சிக்கல்: இன்டெலின் ஒவ்வொரு கோருக்கும் தனி சென்சார், அந்தக் கோரின் ரெஜிஸ்டரை அந்தக் கோரில் ஓடும் நிரலால் மட்டுமே படிக்க முடியும். நீங்கள் மூன்றாவது கோரில் உட்கார்ந்துகொண்டு ஏழாவதின் சூட்டைக் கேட்டால், கெர்னல் ஏழாவது கோருக்குச் சமிக்ஞை அனுப்பி அங்கே ஒரு துண்டு வேலையை ஓட்டிப் பதிலை வாங்கி வருகிறது. தூங்கிக்கொண்டிருந்த கோரைத் தட்டி எழுப்பி ‘உனக்குக் காய்ச்சலா’ என்று கேட்பது போலத்தான். நொடிக்கு நூறு முறை கேட்டால் கேட்பதாலேயே கொஞ்சம் சூடேறும்.

அரை மில்லிநொடி என்பது யுகம்

மறுபடி எல்எம்75. ஐ2சி பஸ் அதன் சாதாரண வேகத்தில் நொடிக்கு ஒரு லட்சம் பிட் நகர்த்தும். வெப்பநிலையைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, அப்புறம் இரண்டு பைட் தரவு என்று மொத்தம் ஐந்து பைட். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பிட்டோடு ஒன்பது துடிப்பு. ஆக 45 துடிப்பு, 450 மைக்ரோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். அவ்வளவு நேரம் சும்மா நின்றுகொண்டிருக்க முடியாது. படிக்கச் சொல்லிவிட்டு டிரைவர் தூங்கப் போகும். பதில் வந்ததும் எழும்.

தூங்கலாம் என்ற இந்த ஒரு விஷயமே பல விதிகளைக் கொண்டுவருகிறது. இன்டரப்டை, அதாவது ஹார்டுவேர் நடுவில் குறுக்கிட்டு அனுப்பும் அழைப்பை, கையாளும் நிரல் தூங்கக்கூடாது, அதனால் அங்கிருந்து இந்த சென்சாரைப் படிக்க முடியாது. ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போது தூங்கக்கூடாது, அதனால் இங்கே தூங்க அனுமதிக்கும் மியூடெக்ஸ் என்ற பூட்டுதான் பொருத்தம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘இந்தப் படிப்பு தூங்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள், மீதி தானாக வரும்.

பூட்டு எதற்கு? மதர்போர்டில் ஃபேன்களையும் வோல்டேஜையும் கவனிக்கும் சூப்பர் ஐஓ சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே நிறைய ரெஜிஸ்டர்கள், ஆனால் வெளியே தெரிவது இரண்டே வாசல்கள். முதல் வாசலில் ‘எனக்கு எத்தனையாம் ரெஜிஸ்டர் வேண்டும்’ என்று எழுத வேண்டும். இரண்டாம் வாசலில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் வந்தால்? ஒருவர் ‘சூடு’ என்று எழுதுகிறார். அவர் படிப்பதற்குள் இன்னொருவர் ‘ஃபேன்’ என்று எழுதிவிடுகிறார். முதலாமவர் ஃபேனின் எண்ணை எடுத்துக்கொண்டு அதைச் சூடு என்று நம்பிப் போகிறார். படிப்பதோடு போனால் பரவாயில்லை. எழுத வந்தவருக்கு இது நடந்தால் ஃபேன் நிற்கலாம். எழுதுவதும் படிப்பதும் ஒரே மூச்சில், ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும்.

கெர்னலின் பூட்டை மதிக்காத ஆள் ஒருவர் இருக்கிறார்: ஃபர்ம்வேர். ஏசிபிஐ வழியாக அதே சிப்பின் அதே வாசல்களை அதுவும் தட்டலாம். அதனால்தான் லினக்ஸ், ஏசிபிஐ தனக்கென்று சொல்லிவைத்த முகவரியை ஒரு சென்சார் டிரைவர் கேட்டால், மோதல் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத் தர மறுக்கிறது. இதைத் தளர்த்த ஒரு பூட் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிட்டால் ஃபேன் எண்ணெல்லாம் அழகாகத் தெரியும் என்று ஆங்காங்கே சொல்வார்கள். தெரியும்தான். யாரோ ஒருவர் வாசலில் நிற்கும்போது நாமும் கை நீட்டுகிறோம் என்று தெரிந்து போட்டால் சரி.

சரி, ஒவ்வொரு முறையும் அரை மில்லிநொடி எதற்கு? கிட்டத்தட்ட ஒரே சூடுதானே. அதனால் நிறைய டிரைவர்கள் படித்த மதிப்பை ஒரு நொடி, ஒன்றரை நொடி வைத்திருந்து, அதற்குள் யார் கேட்டாலும் அதையே கொடுக்கின்றன. இந்தக் கேஷ் விஷயத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு போர்டுக்கு டிரைவர் எழுதினேன். ரெஜிஸ்டர்களை நிர்வகிக்க லினக்ஸில் ரெக்மேப் என்று பொதுவான ஒரு வசதி இருப்பதால் அதையே பயன்படுத்தினேன். எந்த ரெஜிஸ்டர் தானாக மாறும், எது நாம் எழுதினால் மட்டும் மாறும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். வெப்பநிலை ரெஜிஸ்டர் தானாக மாறும் என்று சொல்ல மறந்துவிட்டேன். முதல்முறை படித்ததை ரெக்மேப் பத்திரமாக வைத்துக்கொண்டது. 31.5. காலையில் 31.5, மாலையில் 31.5. எவ்வளவு நிலையான சென்சார் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். முடி உலர்த்தும் கருவியை எடுத்துச் சிப் மேல் அனல் காற்றை அடித்தபோதும் 31.5 என்றதும்தான் உறைத்தது.

யார் சொல்வது, யார் செய்வது

லினக்ஸில் சூடு இரண்டு தனித்தனி அமைப்புகள் வழியாக வெளியே வருகிறது. புதியவர்கள் இங்கே குழம்புவது இயல்பு.

முதலாவது எச்டபிள்யூமான். அளந்து சொல்வதோடு இதன் வேலை முடிந்தது. சிஸ் என்ற மெய்நிகர் கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் எச்டபிள்யூமான் என்று போனால் சென்சாருக்கு ஒன்றாக அடைவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நேம் என்ற ஃபைலில் சிப்பின் பெயர், டெம்ப்1_இன்புட் என்ற ஃபைலில் இப்போதைய சூடு, டெம்ப்1_கிரிட் இருந்தால் அதில் ஆபத்து எல்லை. டிரைவர் எழுதுபவர் இந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதில்லை. ‘என்னிடம் இத்தனை வெப்பநிலை, இத்தனை எல்லைகள் இருக்கின்றன, யாராவது கேட்டால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று பதிவு செய்தால் மீதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். யாராவது ஃபைலைத் திறந்து படிக்கும் கணத்தில்தான் டிரைவரின் நிரல் ஓடுகிறது. ஓப்பன்பிஎஸ்டி-யில் இது தலைகீழ். அங்கே கெர்னலே சில நொடிக்கு ஒருமுறை சென்சாரைப் படித்து எழுதி வைக்கும், கேட்பவருக்கு எழுதி வைத்ததைக் கொடுக்கும்.

இரண்டாவது தெர்மல். இது செயலில் இறங்கும் அமைப்பு. ஒரு பகுதியைத் தெர்மல் ஜோன் என்று வைத்து, அதற்குச் சில எல்லைகளைக் குறிக்கிறது. அவற்றுக்கு ட்ரிப் பாயின்ட் என்று பெயர். ஆக்டிவ் எல்லையைத் தாண்டினால் ஃபேனைச் சுழற்றுவது. பாசிவ் எல்லையைத் தாண்டினால் பிராசஸரின் வேகத்தைக் குறைப்பது. கிரிட்டிக்கல் எல்லையைத் தாண்டினால் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிக் கணினியை அணைப்பது. எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிப்பவர் கவர்னர். ஸ்டெப்வைஸ் கவர்னர் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து ஒவ்வொரு படியாக நகரும். பேங்பேங் என்பது ஃபேனை முழுதாகப் போடும், இல்லையென்றால் நிறுத்தும்.

பேங்பேங்கை வைத்து ஹிஸ்டெரிசிஸைப் புரிந்துகொள்வது எளிது. 60 டிகிரியில் ஃபேனைப் போடு, 60-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்றால் என்ன ஆகும்? 60-இல் போடும், 59.5-இல் நிற்கும், உடனே 60 ஆகும், மறுபடி போடும். உர்ர்... நிசப்தம்... உர்ர்... பக்கத்தில் உட்கார முடியாது. 60-இல் போட்டு 55-இல் நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. இந்த ஐந்து டிகிரி இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். எல்எம்75 இதைத் தன் வன்பொருளிலேயே வைத்திருக்கிறது: மின்சாரம் கொடுத்ததும் அதன் எச்சரிக்கை எல்லை 80, திரும்பும் எல்லை 75. ஒரே ஒரு தப்பான அளவுக்குப் பதறாமல், தொடர்ந்து ஆறு முறை வரை எல்லை தாண்டிய பிறகுதான் கத்த வேண்டும் என்றும் அதற்குச் சொல்லி வைக்கலாம்.

கெர்னல் உறைந்துவிட்டால் பிராசஸர் எரிந்துவிடுமா என்று கேட்பார்கள். எரியாது. டிஜேமேக்ஸைத் தொட்டதும் பிராசஸர் யாரையும் கேட்காமல் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காமல் ஏறினால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

பொய் சொல்லும் சென்சார்

டிஎஸ்18பி20 என்ற சென்சாரைப் பொழுதுபோக்காக மின்னணுவியல் செய்பவர்கள் நன்கு அறிவார்கள். நீளமான கம்பியில் மாட்டித் தண்ணீரில்கூடத் தொங்கவிடலாம். அதற்கு மின்சாரம் வந்ததும் ரெஜிஸ்டரில் இருக்கும் ஆரம்ப மதிப்பு 85 டிகிரி. முழுத் துல்லியத்தில் அளந்து முடிக்க அதற்கு 750 மில்லிநொடி வரை வேண்டும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தாலோ, நடுவில் மின்சாரம் ஒரு கணம் விட்டு வந்தாலோ 85 என்று வரும். பிழை சரிபார்க்கும் சிஆர்சி பைட்டும் சரியாக இருக்கும். எண்ணில் எந்தக் குறையும் இல்லை, அது யாரும் அளக்காத எண் என்பதைத் தவிர. 24.5, 24.5, 85, 24.5 என்று ஒரு வரிசையைப் பார்த்தால் நடந்தது இதுதான்.

கம்பி விட்டுப்போன ஐ2சி பஸ் எல்லாப் பிட்டையும் 1 என்று காட்டலாம். எல்எம்75 கணக்கில் அது மைனஸ் அரை டிகிரி, நம்பக்கூடிய எண்! மதர்போர்டில் எதுவும் மாட்டாத சென்சார் வாசல்கள் 127 என்றோ மைனஸ் என்றோ சம்பந்தமில்லாமல் எதையாவது காட்டும். சில மதர்போர்டுகளின் ஃபர்ம்வேர் எப்போது கேட்டாலும் 27.8 டிகிரி என்று ஒரே பாட்டைப் பாடும்.

இந்த இடங்களில் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? படிக்க முடியவில்லை என்றால் பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று தோன்றும். செய்யக்கூடாததிலேயே முதல் காரியம் அதுதான். பூஜ்யம் என்பது ஒரு வெப்பநிலை. மேலே இருக்கும் ஃபேன் கட்டுப்பாடு அதைப் பார்த்து ‘நல்ல குளிர்ச்சி’ என்று ஃபேனை நிறுத்தும், உள்ளே உண்மையான சூடு ஏறிக்கொண்டிருக்கும். பழைய மதிப்பையே திருப்பிக் கொடுப்பதும் இதன் தம்பிதான். லினக்ஸ் டிரைவர் இங்கே எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறியீட்டைத் திருப்ப வேண்டும்: பஸ் பேசவில்லை என்றால் ஈஐஓ, மதிப்பே இல்லை என்றால் ஈநோடேட்டா. ஃபைலைப் படிப்பவருக்கு எண் கிடைக்காது, பிழை கிடைக்கும். டையோடின் கம்பி அறுந்ததைச் சிப்பே கண்டுபிடித்தால் அதைச் சொல்ல டெம்ப்1_ஃபால்ட் என்று தனி ஃபைலே உண்டு. ஓப்பன்பிஎஸ்டி-யில் ஒவ்வொரு சென்சார் மதிப்போடும் ‘இது செல்லாது’ என்று குறிக்க ஒரு கொடி இருக்கிறது. இப்படி ஒரு வழி இருந்தால் மேலே உள்ளவர் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

தேடிக் கண்டுபிடிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். ஐ2சி பஸ்ஸில் யார் இருக்கிறார் என்று கேட்கப் பொதுவான வழி கிடையாது. முகவரியைத் தட்டி, பதில் வருகிறதா என்று பார்த்து, வந்த பதிலை வைத்து ஊகிக்க வேண்டும். எல்எம்75-க்கோ தன் பெயரைச் சொல்லும் அடையாள ரெஜிஸ்டரே இல்லை. முன்பு ஒரு காலத்தில் இப்படிச் சென்சார் தேடித் தட்டியதில் சில மடிக்கணினிகளின் அமைப்பு நினைவகமே குழம்பி அவை பூட் ஆகாமல் போயின. இன்று கையடக்கக் கருவிகளிலும் சிறு போர்டுகளிலும் எந்த முகவரியில் எந்தச் சிப் என்பதை டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

நீங்களே விளையாடிப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. வெப்பநிலையைப் போலியாகக் காட்டும் வசதியோடு கட்டிய கெர்னலில், தெர்மல் ஜோனின் அடைவுக்குள் எமுல்_டெம்ப் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் ரூட் பயனராக 70000 என்று எழுதினால் கெர்னல் 70 டிகிரி என்று நம்பும். ஃபேன் எப்போது எழுகிறது, வேகம் எப்போது குறைகிறது என்று அனல் காற்று இல்லாமலேயே பார்க்கலாம். பூஜ்யம் எழுதினால் போலி நின்று உண்மை திரும்பும். உண்மையான சூடு கிரிட்டிக்கல் எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டும் நீங்கள் எழுதிய குளிர்ந்த எண்ணைக் கெர்னல் காதில் போட்டுக்கொள்ளாது, நிஜ சென்சாரைத்தான் கேட்கும். எதிர்ப்பக்கம் அப்படி ஒரு தடுப்பு கிடையாது. கிரிட்டிக்கலுக்கு மேல் ஓர் எண்ணை எழுதினால் கணினி நிஜமாகவே அணைந்துவிடும், அதனால் திறந்து வைத்த வேலைகளை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.